நூறிலிருந்து அறுபதுக்கு

கணவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ப்ராசஸருக்குப் போகும் பவரை நூறு சதவீதத்திலிருந்து அறுபதுக்கு இறக்கிவிட்டுப் பூனை மாதிரி நழுவினாள்.

வேலை போனதிலிருந்து அவனுக்கு அந்தக் கார் பந்தய விளையாட்டே கதி. அது திக்கித் திக்கி ஓடினால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவான்.

குளித்துவிட்டு வந்து ஆட உட்கார்ந்தவன் கத்தினான்.

"இதுல யாரு கை வச்சது?"

"நான்தாங்க..." அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"அடிப்பாவி, எனக்கு இது தோணவே இல்லையே! இதுல கிராபிக்ஸுக்குத் தனி கார்டு கிடையாது. ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே பவரைத்தான் பங்கு போட்டுக்குது. ப்ராசஸரை அடக்கினதும் மிச்சமெல்லாம் கிராபிக்ஸுக்குப் போயிடுச்சு. சும்மா பறக்குது பாரு! இனிமே நான் எந்திரிக்கவே வேண்டாம். சாப்பாட்டை இங்கேயே கொண்டு வந்துடு."

அடுப்படியில் மாமியார் காத்திருந்தாள். "என்னம்மா, கேம் படுத்துடுச்சா? நாளைக்காவது இன்டர்வியூவுக்குப் போவானா?"

"பவரைக் குறைச்சா படுத்துடும்னுதான் நெனச்சேன் அத்தை. முன்னைவிட நல்லா ஓடுது."

"ஐயையோ! மறுபடி நூறாக்கிடேன்!"

அவள் கணவனின் தட்டை எடுத்தாள். "அவர் இனிமே குளிக்க எந்திரிச்சாத்தானே அத்தை?"