ரிவர்ஸில் போன கப்பல்

மணிக்கு மூவாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறந்துவந்த கப்பல், வெற்றிக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சடாரென்று நின்றது.

ஓட்டியவர் அக்கவுண்டன்ட். மதிய இடைவேளையில், மீட்டிங் ரூம் டி.வி.யில், மேனேஜரோடு தினமும் இந்த வீடியோ கேம் ரேஸ்தான்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?" டிபன் பாக்ஸை மூடியபடி கேட்டாள் கேஷியர்.

"சார் வரட்டும்."

சார் எங்கே வருவது? அவர் கப்பல் ஒரு சுரங்கத்துக்குள் தலைகீழாகச் சிக்கிப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார் மேனேஜர். அது இன்னும் நாலு கரணம் அடித்தது.

அக்கவுண்டன்ட் தன் கப்பலை ரிவர்ஸ் எடுத்தார். வந்த வழியே போய், மேனேஜர் கப்பலை முட்டி நிமிர்த்தி, ரிப்பேரான ஸ்கூட்டரைத் தள்ளுவதுபோல் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

டி.வி.யில் வாணவேடிக்கை. மேனேஜர் வாயெல்லாம் பல்லாகத் தன் அறைக்குப் போனார்.

கேஷியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகளுக்கு இன்றைக்கோ நாளைக்கோ பிரசவம். காலையில் லீவு கேட்டுப் போனவளிடம், 'உங்க சீட்டுக்கு ஆள் இல்லம்மா' என்று கைவிரித்த மனிதர் இவர். இவருக்கு இப்படி ஒரு சேவகமா?

"காக்கா பிடிக்கவும் ஒரு அளவு வேணும்ணே. வெக்கமாவே இல்லையா உங்களுக்கு?"

"ரிமோட் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா," என்று கூசாமல் புளுகிவிட்டு, மேனேஜர் பின்னாலேயே அறைக்குள் போனார் அக்கவுண்டன்ட்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"இப்பவே கிளம்புங்கம்மா. பொண்ணு பக்கத்துல இருங்க. நீங்க வர்ற வரைக்கும் உங்க சீட்டையும் அக்கவுண்டன்ட்டே பார்த்துக்கறாராம்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. "ஜெயிச்ச சந்தோஷமா சார்?"

"நான் எங்கம்மா ஜெயிச்சேன்? அவர் தள்ளிட்டு வந்ததை நீங்களும்தானே பார்த்தீங்க." மேனேஜர் அசடு வழிந்தார். "நான் ஓட்டுற லட்சணத்துக்கு யாருமே என்கூட ஆட வரலை. அதான், தோக்கறவங்க எது கேட்டாலும் தரேன்னு சொல்லி வெச்சேன். அந்த மனுஷன் தினம் தோத்துட்டு வந்து நிக்கறார். நேத்து வாட்ச்மேனுக்கு ஒரு ஃபேன், இன்னிக்கு உங்க லீவு. இதுவரைக்கும் தனக்குன்னு ஒண்ணும் கேக்கலம்மா."