தலைக்கு எண்ணூறு

அக்கா அனுப்பிய கிறிஸ்துமஸ் விருந்துப் பட்டியலைப் போனில் படித்ததும் தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது.

“சாப்பாடு தலைக்கு எண்ணூறாம்! ரெண்டாவது தடவை ஒயின் ஊத்தினா தனிக் காசாம்! இவ கூடப்பிறந்தவளா, கடைக்காரியா?”

“என்னங்க, நல்லாப் பாத்துட்டுப் பேசுங்க...” என்று மனைவி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு அக்காவுக்கே போன் போட்டான்.

“உனக்கு வெட்கமா இல்ல? பெத்த அம்மா பேரையும் சேர்த்து எழுதியிருக்கே! அவங்க சாப்பிடுற ரெண்டு வாய்க்குக் காசு கேக்க எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“அதைத்தான்டா நானும் ஒரு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்,” என்றாள் அக்கா. “போன கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுல விருந்து வச்சப்போ நீ அனுப்பின லிஸ்ட் அது. நான் தேதியை மட்டும்தான் மாத்தினேன்.”