குழியைத் தாண்டிய கரடி

ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கக் கார்ட்டூனில், தொந்தியப்பன் என்ற கரடி ஐம்பது வருஷமாக ஒரே குழியில் விழுந்துகொண்டிருந்தது. பத்திரிகை வாங்கியதும் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

"முட்டி தேஞ்சுபோச்சு. இனிமே என்னால ஆகாது!" என்று குழியிடம் சிடுசிடுத்தது கரடி.

"அப்போ தாண்டிப் போயேன். யார் வேண்டாங்கிறா?" என்றது குழி.

அந்த வாரம் கரடி தாண்டிவிட்டது. மறுவாரம் மூட்டை மூட்டையாக வாசகர் கடிதங்கள் வந்தன. "தொந்தியப்பனுக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

கரடி தலையில் அடித்துக்கொண்டது. "ஐம்பது வருஷம் விழுந்தேன், ஒருத்தராவது இதைக் கேட்டாங்களா? ஒரு வாரம் ஒழுங்கா நடந்தா உடம்பு சரியில்லையாம்!"

"இப்போ நான் என்ன செய்யட்டும்?" என்றது குழி.

"வாயைத் திற. குதிச்சுத் தொலைக்கிறேன்."