தம்பையாவின் பெயர்

“ஒங்க பேரத்தான் வச்சிருக்கேன்ப்பா!”

காதல் கல்யாணம் செய்துகொண்ட மகள் கோசலாவிடம் இரண்டு வருஷமாகப் பேசாதிருந்த தம்பையாவுக்குக் கண் கலங்கியது. போனைக் காதில் வைத்தபடியே, “பேரன் பொறந்துட்டான்!” என்று தன் கடை லட்டை நோர்வூட் பஜார் முழுக்கக் கொடுத்தார்.

“யாரு மாதிரிம்மா இருக்கான்?”

“வெள்ளையா, மெலிசா, நூலு மாதிரிப்பா.”

“ஐயோ! பால் குடிக்கிறானா?”

“பாலா? கெளுத்தி மீன் குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குதுப்பா. ஒலகத்துல யாருமே பாக்காத புழு. ஆராய்ச்சியில நான்தான் கண்டுபிடிச்சேன்!”

தம்பையாவின் கையிலிருந்த லட்டு கீழே விழுந்தது.

“புழுவுக்கா எம் பேரு?”

“ரொம்பப் புடிச்சவங்க பேரத்தானேப்பா வைப்போம்...” மகளின் குரல் உடைந்தது.

எதிர்க் கடைக்காரர் கத்தினார். “தம்பையா அண்ணே, பேரன எப்ப காட்டுவீங்க?”

நீங்களே சொல்லுங்கள், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?