வெள்ளைப் பூ வரணும்

கோயிலில் வேறு யாரும் இல்லை. குலசாமியின் காலடியில் இருந்த இரண்டு இலைப் பொட்டலங்களையும் பிரவீனா சட்டென்று எடுத்து இடுப்பில் செருகினாள். மடியில் ஒளித்துக் கொண்டுவந்த வேறு இரண்டை அங்கே வைத்தாள்.

சாமி கண்ணைக் குத்தும் என்ற சின்ன வயதுப் பயம் இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய பயம் மகளின் பல்.

எட்டு வயது யுவஸ்ரீக்கு மேல் முன்பல் ஒன்று முளைக்கவேயில்லை. மூன்று வயதில் விழுந்து அடிபட்டதில் அது எலும்புக்குள் கோணலாகச் சிக்கிவிட்டது, இப்போது வேர் உள்ளேயே கரைகிறது என்று சேலத்துப் பல் டாக்டர் படத்தைக் காட்டினார். "ஈறைத் திறந்து மருந்து வெச்சு, பல்லுல சின்னச் சங்கிலி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா கீழ இழுக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டா பல்லையே எடுக்க வேண்டியதுதான்." நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

மாமனார் மருதாசலம் ஒரே பிடியாக நின்றார். "சாமிகிட்டப் பூக் கேக்காம நம்மூட்டுல யாரு ஒடம்புலயும் கத்தி பட்டதில்ல." ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. குழந்தை எடுப்பதில் வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் ஒரு வருஷம் அந்தப் பேச்சே கிடையாது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருந்த புருஷனும் போனில், "அப்பா சொல்றாப்பல செய்யி" என்று முடித்துக்கொண்டான்.

காலையில் மருதாசலமே அரளி பறித்து, தனியாக உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். கிளம்பும்போது பக்கத்துத் தோட்டத்து ராசுவைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீயே பாலக் கறந்து ஊத்திரு" என்றார்.

கால் கழுவப் போனவர் இப்போது பேத்தியோடு உள்ளே வந்தார். "கண்ண மூடிட்டு ஒண்ண எடு சாமி."

யுவஸ்ரீ எடுத்து நீட்டினாள். மருதாசலம் பொட்டலத்தின் முடிச்சையே பார்த்தார். அவர் கட்டியது வாழைநாரில். அவசரத்தில் பிரவீனா சுற்றியிருந்தது தையல் நூல்.

அவர் நூலை அறுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை அரளி.

"உத்தரவு கெடச்சிருச்சு. நாளைக்குப் புதுச்சத்திரத்துல சேலத்துக்கு முதல் பஸ்ஸப் புடிச்சரலாம்."

"வலிக்குங்களா அப்பாரு?" என்றாள் யுவஸ்ரீ.

"மரத்துப்போக ஊசி போடுவாங்க சாமி. போயி மணியடி."

குழந்தை நகர்ந்ததும் அவர் மருமகள் பக்கம் திரும்பினார். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

"தப்புத்தானுங்க மாமா. புள்ள பல்லு போயிருமோன்னு..."

மருதாசலம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் கட்டுனதையும் பிரிச்சுப் பாரு சாமி, ரெண்டுமே வெள்ளைதான்."