இன்னொரு தடவை, மேடம்

"மேடம், இன்னொரு தடவை சொல்றீங்களா?"

மூன்றாவது வரிசையிலிருந்து கை எழுந்ததும் வகுப்பே முனகியது.

"ஆரம்பிச்சுட்டான்பா நம்ம மறுபடி" என்றது ஒரு கட்டைக்குரல்.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. பலகையில் எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

"குடை விரியற நாள்ல எல்லாம் மழை பெய்யுது. அதுக்காகக் குடையாலதான் மழை வருதுன்னு சொல்ல முடியுமா? எதுக்கு எது காரணம்னு தெரியணும்னா ஒண்ணை எடுத்துட்டு, இன்னொண்ணு என்ன ஆகுதுன்னு பார்க்கணும். இப்ப இதையே சமன்பாடா எழுதுவோம்."

எகனாமெட்ரிக்ஸ் பாடம். பொருளாதாரத்தைக் கணக்கில் போட்டுப் பிழிகிற சமாசாரம். வகுப்பில் பாதிப் பேர் தலையில் கை வைத்திருப்பார்கள். மீதிப் பேர் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் அவன்தான். வகுப்புக்கு நாலைந்து தடவையாவது கேட்டுவிடுவான். அதனால்தான் 'மறுபடி' என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி அவனுக்கு நேர் முன்னால், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வேறு கல்லூரியிலிருந்து நடுவில் வந்து சேர்ந்தவள் அவள். வந்தபோது எல்லோரும் ஏற்கெனவே கூட்டணி கட்டி முடித்திருந்தார்கள். கேன்டீனில் காலி நாற்காலியைத் தொட்டால், "ஆள் வருது" என்பார்கள். வராத ஆளுக்கு இருந்த மரியாதை வந்த ஆளுக்கு இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். ஹாஸ்டல் அறையிலும் அவள் ஒருத்திதான். விடுமுறை நாட்களில் அம்மா போன் செய்கிற வரை அவள் குரல் அவளுக்கே கேட்காது.

"சிநேகிதிங்க கிடைச்சாங்களாடி?"

"நிறையப் பேர் இருக்காங்கம்மா. வெச்சிடறேன், கூப்பிடறாங்க."

யாரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, "இவனுக்கு அப்பா அம்மா வெச்ச பேரே மறுபடின்னுதான் இருக்குமோ?" என்று சொல்லிவைத்தாள். கட்டைக்குரல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏய், ஊமைன்னு நினைச்சேன், நல்லாத்தான் பேசறே. வா, எங்களோட உட்காரு."

அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் மறுபடியைப் பற்றிப் பேசுகிற வரைதான் அவள் பக்கம் முகங்கள் திரும்பும். பேச்சு மாறினால் டீ கப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் தினமும் அவனைப் பற்றிப் புதிதாக ஒன்று யோசித்துக்கொண்டு வருவாள்.

இத்தனைக்கும் பாடம் அவளுக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. மேடம் வேகம் பிடித்ததும் இவள் பேனா நின்றுவிடும். கேட்கப் பயம். கேட்டால் அந்த நாற்காலியும் போய்விடும். நல்லவேளையாக, அந்த நேரம் பார்த்து மறுபடி பின்னாலிருந்து கையைத் தூக்குவான். மேடம் திரும்பச் சொல்வதை அவசர அவசரமாக எழுதிக்கொள்வாள். எழுதிக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்வாள். அப்படித்தான் முதல் தேர்வில் தட்டுத்தடுமாறிப் பாஸானாள்.

பிறகு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். செத்தாளா பிழைத்தாளா என்று எட்டிப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. எழுந்து கேன்டீனுக்குப் போனால், அவள் நாற்காலியில் யாருடைய பையோ இருந்தது. நின்றுகொண்டே கட்டைக்குரல்காரியோடு பேசினாள்.

"என்னடி, ஆளையே காணோம்? உன் மறுபடியும் போன வாரம் பூரா கப்சிப். கிளாஸெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது."

"திருந்திட்டானா?"

"யாருக்குத் தெரியும்?"

பையை யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"இந்தப் பாடத்தை விட்டுடறேன் மேடம்."

"இது இல்லாம பட்டம் கிடையாதும்மா. இப்ப விட்டா ஒரு வருஷம் வீணாப் போயிடும். வீட்டுல கேட்டியா?"

"இல்ல மேடம். ஆனா எனக்கு இது ஏறாது. ஒரு வாரம் வேற போயிடுச்சு. கிளாஸ்லயே எனக்கும், எனக்குப் பின்னால உட்கார்றாரே அவருக்கும்தான் எதுவும் புரியறதில்லை. அவராவது வெட்கத்தை விட்டுக் கேட்கிறார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவனுக்கா புரியலை? போன தேர்வுல முதல் மார்க்கே அவன்தான்."

அவள் விழித்தாள். "அப்புறம் எதுக்கு மேடம் அத்தனை தடவை கேட்கிறார்?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். ஒண்ணை எடுத்துட்டுப் பார்க்கணும்னு பாடம் நடத்தினேன் இல்லையா? போன வாரம் நீ வரலை. அவன் கை ஒரு தடவைகூட எழும்பலை. விஷயம் என்னன்னு கூப்பிட்டுக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்கு முன்னால உட்கார்ற பொண்ணோட பேனா அப்பப்ப நின்னுடுது மேடம். வாயைத் திறந்து கேட்கப் பயப்படுது. கேட்டா அந்தப் பொண்ணுக்கும் யாராவது பட்டப்பேர் வெச்சிடுவாங்க, பாவம்'னு சொன்னான்."