நெற்றியில் ஒரு வளையம்

வாய் பொய் சொல்லும். கண் பொய் சொல்லும். டாக்டர் சர்டிபிகேட் கூசாமல் பொய் சொல்லும். மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை பொய்யே சொல்லாதது வெப்பம் ஒன்றுதான் என்று, பம்பு கம்பெனியின் வாசலில் நின்றபடி டிகிரி அறிவித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் வாட்ச்மேன் மட்டும்தான். அவருக்கும் வேறு வழியில்லை. அவருடைய நாற்காலி அங்கேதான் இருந்தது.

டிகிரிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மோட்டார் சூடாகிறதா, ஒயர் சூடாகிறதா என்று தெர்மல் கேமராவைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு திரிகிறவரின் சொந்தப் பெயர் யாருக்கு நினைவிருக்கும்?

ஊரெல்லாம் காய்ச்சல் பரவியதும் முதலாளி அவரை வாசலுக்கு மாற்றினார். வருகிறவர்களின் நெற்றியைக் கேமராவில் பார்க்க வேண்டும். சூடு அதிகமென்றால் சம்பளத்தோடு வீட்டுக்கு. இல்லையென்றால் உள்ளே.

அன்று காலை அக்கவுண்டன்ட் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு வந்தார்.

"முடியல டிகிரியண்ணே. உடம்பு அனலாக் கொதிக்குது. பார்த்து அனுப்பி விடுங்க."

அவருக்கு ஏன் முடியவில்லை என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். பதினொரு மணிக்கு முதலாளியின் கவிதை நூல் வெளியீடு. நூலின் பெயர் 'பம்புகளின் பெருமூச்சு'. மொத்தம் நானூறு பக்கம். மேடையேறி ஒரு மணி நேரம் அதைப் பாராட்டிப் பேச வேண்டியவர் அக்கவுண்டன்ட்.

முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போன புத்தகத்துக்குப் பேசியவர் நடுவில் லேசாகச் சிரித்துவிட்டார். அவர் இப்போது குடோனில் குழாய் அடுக்குகிறார்.

டிகிரி கேமராவை உயர்த்தினார்.

சூடு கூடக் கூட வெளுத்துக் காட்டும் திரையில் அக்கவுண்டன்ட்டின் முகம் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. நெற்றியின் நடுவில் மட்டும், காம்பஸ் வைத்து வரைந்தது போல, வெள்ளை வெளேரென்று ஒரு வளையம்.

"காய்ச்சல் வட்டமா வருமாய்யா?"

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாண்ணே."

"அதுவும் டம்ளர் அடி சைஸுக்கு?"

அக்கவுண்டன்ட் அசடு வழிந்தார். டிகிரி விடுவதாயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட ஒருவகையில் உழைப்பாளி. சுடு டம்ளரை நெற்றியில் ஒற்றிக்கொண்டு விஞ்ஞானத்தை ஏய்க்க வருகிறவனை எதில் சேர்ப்பது என்று கேட்டார். தன்மானம் உள்ள எவனும் அதைச் செய்வானா என்று வாட்ச்மேனையும் சாட்சிக்கு இழுத்தார். பிறகு வாய் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அடடா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். முதலாளி காரிலிருந்து இறங்கி நின்றிருந்தார். "அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையை யாரும் இன்னொரு தடவை கத்தச் சொன்னதில்லை. டிகிரியைச் சொன்னார்கள். அவரும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்.

முதலாளி கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்த நாக்கை இத்தனை நாள் மோட்டாருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்களே! அக்கவுண்டன்ட் கீழ உட்காரட்டும். இன்னிக்கு நீங்க பேசுறீங்க."

"சார், நான் புத்தகத்தை இன்னும் படிக்கல..."

"ரொம்ப நல்லது. மேடையிலேயே படிச்சுக்கிட்டே பாராட்டுங்க. அப்பத்தான் உண்மையா இருக்கும்."

புத்தகத்தை டிகிரியின் கையில் திணித்துவிட்டு முதலாளி உள்ளே போனார். அவர் பின்னாலேயே அக்கவுண்டன்ட்டும், துள்ளிக் குதிக்காத குறையாக. காய்ச்சல் இறங்கிவிட்டது.

டிகிரி புத்தகத்தைப் பிரித்தார். முதல் கவிதை:

*தண்ணீரே, நீ மேலே போ.*
*நான் கீழே நிற்கிறேன்.*
*நடுவில் பம்பு.*

டிகிரியின் உதட்டோரம் துடித்தது. கடித்துக்கொண்டார். பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் கவிதை முழுக்க 'உஸ்' என்ற ஒரே சொல், வரிக்கு வரி. கடைசி வரியில் மட்டும் 'கரண்ட் போய்விட்டது'.

சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கூடவே குடோனும், அதன் குழாய்களும், போன புத்தகத்துக்குப் பேசியவரின் முகமும் கண்முன்னே வந்தன.

கேமராவை வாட்ச்மேன் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் பிடிங்க. யார் வந்து நின்னாலும் சரி, தெரிஞ்ச முகமாச்சேன்னு பார்க்கக் கூடாது. மெஷின் சொல்றதுதான் பேச்சு."

"நீங்க எங்கண்ணே?"

"எனக்கு என்னமோ லேசா ஒரு மாதிரி இருக்கு."

பின்வாசலை ஒட்டிய பேன்ட்ரியில் டீ போடுகிற அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். டிகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டார்.

அக்கா திரும்பவில்லை. "குடிக்கவா, நெத்திக்கா?"

டிகிரி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அக்காவே தொடர்ந்தார்.

"நெத்திக்குன்னா டம்ளர் வேணாம், வெந்நீர்ல துணிய நனைச்சுத் தர்றேன். காலையில அக்கவுண்டன்ட்டுதான் சொல்லச் சொல்லக் கேக்காம டம்ளரைத் தூக்கிட்டு ஓடுனாரு. துணி வச்சிட்டுப் போன அத்தனை பேரையும், பாவம், வாசல்ல நிக்கிற அந்த மனுஷன் உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சிருக்காரு."

டிகிரி ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் அகலமான துணியா குடுங்க," என்றார், குரலை மாற்றிக்கொண்டு.